போலீஸ்காரர் பூச்சாண்டி அல்ல!

"சாப்பிடு! சாப்பிடாவிட்டால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுத்து விடுவேன்!"

குழந்தை அடம் பிடித்தால், நம் வீடுகளில் இப்படித்தான் மிரட்டுகிறோம். அந்தக் காலத்தில் பூச்சாண்டி செய்த வேலையை, போலீஸ்காரர் தலையில் கட்டி விட்டோம்.

பயத்தில் குழந்தை இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடும். உண்மைதான். ஆனால், அதே குழந்தை திருவிழாக் கூட்டத்தில் தவறிப் போனால்?

பக்கத்திலேயே போலீஸ்காரர் நிற்பார். குழந்தை அவரிடம் போகாது. காக்கிச் சட்டையைக் கண்டதும் வேறு பக்கம் ஓடும்!

பயம் வேறு, மரியாதை வேறு. நாம் பிள்ளைகளுக்கு ஊட்டுவது பயம். வளர்ந்த பிறகு, அந்தப் பயம் வெறுப்பாக மாறி விடுகிறது.

யார் இவர்?

போலீஸ்காரர் வானத்தில் இருந்து குதித்தவர் அல்ல. நம்மைப் போன்ற குடும்பத்தில் பிறந்தவர்தான்.

தீபாவளிக்கு நாம் புத்தாடை வாங்கப் போகிறோம். அவர் கடைத்தெருவில் ஜேப்படித் திருடர்களைக் கண்காணித்துக் கொண்டு நிற்கிறார். நாம் மூக்கைப் பொத்திக் கொண்டு விலகிப் போகும் அநாதைப் பிணத்துக்கு, அவர் காவல் நிற்கிறார்.

அவருக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்று தமிழக அரசு உத்தரவு போட்டது, 2021-ம் ஆண்டில்தான்!

அப்படிப்பட்டவர், "ஹெல்மெட் எங்கே?" என்று கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது. "நான் யார் தெரியுமா?" என்று திருப்பிக் கேட்கிறோம். நம் மண்டை உடையக்கூடாது என்றுதான் அவர் கேட்கிறார் என்பதை மறந்து விடுகிறோம்.

கையில் தடி மட்டுமே

2008-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி இரவு. மும்பை நகருக்குள் பயங்கரவாதிகள் புகுந்து, கண்ணில் பட்டவர்களை எல்லாம் சுட்டார்கள்.

கிர்காவ் கடற்கரை அருகே அவர்களில் இருவர் வந்த காரைப் போலீசார் மடக்கினார்கள். அங்கே இருந்தவர் துக்காராம் ஓம்பலே. உதவி சப்-இன்ஸ்பெக்டர். பெரிய அதிகாரி அல்ல. கையில் இருந்தது ஒரு தடி மட்டுமே.

பயங்கரவாதி கசாப் துப்பாக்கியை நீட்டினான். ஓம்பலே அதன் குழலை இறுகப் பிடித்துக் கொண்டார். குண்டுகள் உடம்பில் பாய்ந்தன. பிடியை விடவில்லை! அவர் உயிர் போனது. கசாப் உயிரோடு பிடிபட்டான். சதி முழுவதும் வெளிச்சத்துக்கு வந்தது.

2009-ம் ஆண்டில் அவருக்கு அசோக சக்கர விருது வழங்கப்பட்டது.

தவறு செய்தால்?

"போலீசார் எல்லோரும் நல்லவர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

2020-ம் ஆண்டு ஜூன் மாதம், சாத்தான்குளத்தில் போலீசார் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்தார்கள். நாடே கொதித்தது. கொதித்தது சரிதான். காக்கி உடுத்தி அக்கிரமம் செய்பவனுக்குத் தண்டனை வாங்கித் தரவேண்டும். மரியாதை என்றால் வாயை மூடிக் கொள்வது அல்ல.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த இரவில் நடந்ததை மாஜிஸ்திரேட்டிடம் துணிந்து சொன்னவரும் ஒரு போலீஸ்காரர்தான். அதே நிலையத்தில் வேலை பார்த்த பெண் ஏட்டு! எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தினால், அந்தப் பெண்மணிக்கும் அல்லவா அநீதி செய்கிறோம்?

இரண்டு கை தட்டினால்தான்...

போலீஸ்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. புகார் கொடுக்க வரும் ஏழையை "நீ" என்று அதட்டாதீர்கள். "உட்காருங்கள் அய்யா" என்று சொல்லிப் பாருங்கள். அந்த மனிதர் ஊருக்குப் போய் உங்கள் பெருமையைப் பேசுவார்.

தாய்மார்களே! இனிமேல் குழந்தையிடம், "வழி தவறினால் போலீஸ் மாமாவிடம் போய் அப்பா பெயரைச் சொல்லு" என்று சொல்லிக் கொடுங்கள்.

போலீசைக் கண்டு பயப்படும் ஊரில், சாட்சி சொல்ல ஆள் கிடைக்காது. சாட்சி இல்லாத ஊரில் திருடனுக்குத்தான் கொண்டாட்டம்!