கெட்டிப்படும் முன்...

பல் டாக்டர் ஒரு தட்டில் பிசுபிசுவென்று பசையை அப்பி, ‘ஆ காட்டுங்க’ என்று நம் வாய்க்குள் அமுக்குகிறாரே, அனுபவம் உண்டா? கண்ணில் நீர் முட்ட, குமட்டலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எடுத்ததும் கொப்பளித்துவிட்டு, பில்லைப் பார்த்து மறுபடி கண் கலங்குவோம். அந்தத் தட்டு அப்புறம் எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறோமா?

லேபுக்குப் போகிறது சார். மதுரையில் அப்படி ஒரு லேபுக்கு மாதம் ஒருமுறை கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். (பத்தி எழுதினால் மட்டும் பால்காரர் ஒப்புக்கொள்வதில்லை. நான் படித்த பி.காம். அங்கேதான் உதவுகிறது.) அங்கே ஸ்விட்ச், கால்குலேட்டர், முதலாளி அண்ணனின் மீசை எல்லாவற்றிலும் மாவு படிந்திருக்கும்.

அந்த மாவுக்கு டென்டல் ஸ்டோன் என்று பெயர். ஜிப்சத்தைச் சூடாக்கி, அதிலிருக்கும் தண்ணீரை விரட்டிய பொடி. மறுபடி தண்ணீர் பட்டால் பழைய ஞாபகம் வந்து கல்லாகிவிடும். 100 கிராம் கல்லாக 18.6 மில்லி தண்ணீரே போதும். ஆனால் அவ்வளவில் பிசைய வராது. அதனால் 30 மில்லி வரை ஊற்றுகிறார்கள். உபரித் தண்ணீர் பிறகு ஆவியாகி, கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகளை விட்டுவிட்டுப் போகும். கடன் வாங்கிய முதலீடு மாதிரி! இல்லாமலும் தொழில் ஓடாது, கூடினாலும் ஓட்டை.

கலவையை, அதிரும் மேடை மேல் தட்டை வைத்து, ஒரு ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். காற்றை முன்னால் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு பல் பள்ளமாக நிரம்பிப் போகும். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் காற்று மாட்டிக்கொண்டு, பல் இருக்க வேண்டிய இடத்தில் குழி விழும். நிரம்பியது ஓரளவு இறுகியதும், இன்னொரு குவியல் ஸ்டோன் மேல் தட்டைக் கவிழ்த்து அடிப்பாகம் கட்டுவார்கள்.

வில்லங்கமே இங்கேதான். கவிழ்க்கும்போது ஸ்டோன் பிதுங்கும். தட்டின் விளிம்பு மேல் ஏறும். கீழ்த்தாடை என்றால், நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வந்து குவியும். அதை உடனே ஸ்பாட்டுலாவால் வழித்துவிட வேண்டும். மேற்பரப்பில் ஈரப் பளபளப்பு மங்க ஆரம்பித்தால், நேரம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு கத்தி, அதற்கும் பிறகு தண்ணீர் ஊற்றி ஓட்டும் டிரிம்மர் சக்கரம். அடிப்பாகத்தைச் சக்கரம் சீர் செய்துவிடும். ஆனால் தட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் ஓரத்தைக் கழற்றுவதற்குள் உயிர் போய்விடும்.

“இப்ப வழிச்சா விரல் போதும் தம்பி. அரை மணி கழிச்சுன்னா உளி வேணும்” என்பார் அண்ணன்.

போன வருஷம் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், பிதுங்கியதை அப்படியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். ஒரு மணி நேரம் கழித்துத் தட்டை இழுத்தால் வரவில்லை. பலம் கொண்ட மட்டும் இழுத்தான். வந்தது, மாடலின் முன்பல் ஒன்று இல்லாமல்! கழற்றி மாட்டும் பல் செட் எந்தப் பல்லை அணைத்து நிற்க வேண்டுமோ, அதே பல். அச்சுப் பசையும் கிழிந்துவிட்டதால் மறுபடி வார்க்கவும் வழியில்லை.

“பசை போட்டு ஒட்டிரலாமாண்ணே?” என்றான் பையன்.

“உடைஞ்சது ஒட்டும்டா. ஆனா மயிரிழை நகர்ந்து ஒட்டுச்சுன்னா, பொய்யான பல்லுக்கு அளவெடுத்து நிஜமான வாயில மாட்டுவ. அங்க போய்ப் பல்லிளிச்சிரும்” என்றார் அண்ணன்.

அளவு கொடுத்தவர் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த ஒரு அம்மா. தினக்கூலி. மறுபடி வர வேண்டும் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. லேப்காரர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். ஆனால் அண்ணன் அந்தப் பையனை, அம்மா வரும் நாளில் டாக்டரின் கிளினிக்குக்கே அனுப்பினார். கையில் ஒரு கவர். அதில் பஸ் சார்ஜும் ஒரு நாள் கூலியும்.

திரும்பி வந்தவன் ரொம்ப நேரம் பேசவில்லை. “அந்தம்மா ‘பரவாயில்ல ராசா’ன்னுட்டாங்கண்ணே” என்று மட்டும் சொன்னான். இப்போதெல்லாம் கவிழ்த்த தட்டின் பக்கத்தை விட்டு, வழித்து முடிக்கும் வரை அவன் நகருவதில்லை.

வாய்க்குள் குட்டிக் கேமராவை விட்டு ஸ்கேன் எடுத்துவிடும் வசதி வந்துவிட்டதே என்பீர்கள். வந்திருக்கிறது. ஆனாலும் மாவு பிசையும் கைகளை நம்பித்தான் இன்னும் எத்தனையோ பேர் முறுக்குக் கடிக்கிறார்கள்.

மாதக் கடைசியில் கவரில் போன பணத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குக் குழப்பம். “நஷ்டம்னு எழுதட்டுமாண்ணே? இல்ல, அவன் சம்பளத்துல பிடிக்கிறீங்களா?” என்றேன்.

“ரெண்டும் வேணாம் தம்பி. பயிற்சிச் செலவுன்னு எழுதுங்க!”