‘செய்வதில்லை’ என்பது விடையாகாதா?

இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பும் முதியவர்களின் அன்றாடச் செயல்திறனை அளக்க, உலகெங்கும் கான்சாஸ் நகர வினாத்தாள் பயன்படுகிறது. 2000ஆம் ஆண்டு வெளியானது. சமதரையில் ஒரு ‘பிளாக்’ நடக்க முடிகிறதா என்று அது வினவும். ‘பிளாக்’ அமெரிக்க நகரத் தெருக்கணக்கு. அதைத் தெருமுனை வரை என்று மாற்றிக்கொள்ளலாம். என் சண்டை அதனோடு இல்லை.

ஒவ்வொரு செயலுக்கும் கடைசியாக ஒரு கட்டம் உண்டு: வேறு காரணங்களால் இயலவில்லை, அல்லது அச்செயலைச் செய்யவில்லை. அதில் குறியிட்டால் அவ்வினா விடையற்றதாகக் கொள்ளப்படும். எஞ்சிய விடைகளின் சராசரியே மதிப்பெண். மூச்சு வாங்குமென்று அஞ்சி மாடியேறுவதையே விட்டுவிட்ட பாட்டி, “நான் மாடிக்குப் போறதில்லைப்பா” என்கிறார். ஆய்வாளர் கடைசிக் கட்டத்தில் குறியிடுகிறார். ஆகக் கடினமான செயல் கணக்கிலிருந்து நீங்க, பாட்டி தாளில் நலமடைந்துவிடுகிறார்!

மொழியியல் படித்தவர்க்கு இது வியப்பன்று. ‘செய்வதில்லை’ வழக்கத்தைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ‘முடியாது’ இயலாமையுமாகும், மறுப்புமாகும். இந்தியிலோ ‘முஜ்ஸே சலா நஹீன் ஜாதா’ என்னும் செயப்பாட்டு வடிவம் இயலாமையை உணர்த்தவே புழங்குகிறது. அதை ‘நடப்பதில்லை’ என்று பதிந்தால் நோயாளியின் இலக்கணத்தையே அழித்தவராவோம். “மருமக செய்ய விடமாட்டேங்கிறா” என்பதற்கோ தனிக் கட்டமே இல்லை.

பின்மொழிபெயர்ப்பு செய்தோம், கிரான்பாக் ஆல்ஃபா 0.9 வந்தது என்பார்கள். முன்னது சொற்களின் பொருத்தத்தைப் பார்க்கும். பின்னது வினாக்கள் தமக்குள் ஒத்துப்போவதைச் சொல்லும். பாட்டி ஏன் மாடிக்குப் போவதில்லை என்பதை இரண்டும் சொல்லமாட்டா.

இது சொல்லாராய்ச்சிக்காரரின் குறுகுறுப்பு என்று ஒதுக்குவோர்க்கு ஒன்று. அமெரிக்காவில் 349 முதிய நோயாளிகளிடம் நடந்த ரீஹேப்-எச்எஃப் ஆய்வு 2021இல் வெளியானது. உடற்பயிற்சி மறுவாழ்வு பெற்றோரின் செயல்திறன் தெளிவாக மேம்பட்டது. ஆறு மாதத்தில் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அங்கே நிற்கவும் நடக்கவும் நாற்காலியிலிருந்து எழவும் செய்து, கண்ணால் பார்த்து அளந்தார்கள். மறுசேர்க்கையை மட்டும் எண்ணியிருந்தால் அந்தப் பயன் யார் கண்ணிலும் பட்டிராது. வினாத்தாளை மட்டுமே நம்பும் நம் ஆய்வுகளில் எத்தனை பயன்கள், எத்தனை இழப்புகள் இப்படித் தவறிப்போகின்றன?

களத்துக்குச் செல்லும் நண்பர்களே, அந்தக் கட்டத்தில் குறியிடுமுன் கேளுங்கள்: முன்பு செய்தீர்களா, எப்போது நிறுத்தினீர்கள், யார் நிறுத்தச் சொன்னது? விடையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். ஏற்கெனவே தரவு திரட்டி முடித்தவர்கள், கடைசிக் கட்டத்தில் விழுந்த குறிகளின் எண்ணிக்கையை ஆய்வேட்டில் அச்சிடுங்கள்.