லேப்ல ஓடுச்சு, காணையில நின்னுச்சு

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன ஆப் செஞ்சேன். காணையில எங்க அம்மா இருக்கிற மகளிர் சுய உதவிக் குழுவுக்கு வரவு எழுதுற பக்கம் அது. பிரவுசருக்குள்ளேயே பைத்தானை ஓட்டுற பையோடைட்ல எழுதியிருந்தேன். லேப்ல டெமோ காட்டினப்ப, பட்டனைத் தொட்ட உடனே "சேமிச்சாச்சு"ன்னு வந்துச்சு. மார்க்கும் வந்துச்சு.

அந்த வாரக் கடைசியில வீட்டுக்குப் போய் அம்மா கையில போனைக் கொடுத்தேன். எங்க வீட்டுல சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். ஒருத்தர் பேருல 200 ரூபாய்னு போட்டு "சேமி"யை அமுக்கினாங்க. ஒண்ணும் நடக்கல. திரும்ப அமுக்கினாங்க. மொத்தம் நாலு தடவை. கொஞ்ச நேரம் கழிச்சு பக்கத்துக்கு உயிர் வந்தப்ப கணக்குல 800 ரூபாய் நின்னுச்சு. "ஏண்டா, நாளைக்குக் குழுவுல என்னைத்தானே கேப்பாங்க?"ன்னு அம்மா கேட்டாங்க. பதில் சொல்ல முடியல.

தப்பு சிக்னல் மேல இல்ல, என் கோடு மேலதான். சர்வரை சிங்க் முறையில கூப்பிட்டிருந்தேன். அதாவது, பதில் வர்ற வரைக்கும் அடுத்த வரிக்குப் போகாம அங்கேயே நிக்குற முறை. நம்ம கம்ப்யூட்டர்ல தனியா ஓடுற பைத்தான் புரோகிராமுக்கு இது பெரிய விஷயம் இல்ல. பிரவுசர்ல கதை வேற. பட்டனைக் கவனிக்கிறதும், எழுத்தைத் திரையில வரையுறதும், நம்ம பைத்தானை ஓட்டுறதும் ஒரே மெயின் த்ரெட்தான். விழுப்புரம் – காட்பாடி ஒத்தத் தண்டவாளம் மாதிரி. நடுவுல ஒரு வண்டி நின்னா பின்னாடி வர்றது எல்லாம் நிக்கணும்.

இதுல நான் கவனிக்காத இன்னொண்ணு இருக்கு. சர்வரைக் கூப்பிடுற வரிக்கு முன்னாடியே "சேமிக்கிறது, பொறுங்க"ன்னு காட்டச் சொல்லி எழுதியிருந்தேன். பட்டனையும் முடக்கியிருந்தேன். ரெண்டுமே வேலைக்கு ஆகல. வரையுற த்ரெட்டே நின்னுட்டா அந்த எழுத்து எப்படித் திரைக்கு வரும்? அம்மா அமுக்கினதெல்லாம் வரிசையில காத்திருந்து, பதில் வந்து பட்டன் திரும்பத் திறந்த பிறகு ஒவ்வொண்ணா ஓடுச்சு.

பிரவுசர் செய்றவங்களுக்கு இது தெரியாம இல்ல. மெயின் த்ரெட்ல சிங்க் எக்ஸ்எச்ஆர் போட்டா, அதைக் கைவிடச் சொல்லி கன்சோல்லயே எச்சரிக்கை வரும். அப்படிக் கூப்பிடும்போது டைம்அவுட் வைக்கவும் விதி இடம் கொடுக்காது. சிக்னல் போயிட்டா "பத்து செகண்ட்ல விட்டுடு"ன்னு சொல்ற வழிகூட நம்ம கையில இல்ல.

"மச்சி, சிங்க்னா படிக்க ஈஸி, மேல இருந்து கீழ வரிசையா போகும்"னு ஹாஸ்டல்ல சொல்வாங்க. ஒரு காலத்துல அது நியாயம்தான். பைத்தானை ஜாவாஸ்கிரிப்டா மாத்தின பைஜாமாஸ் காலத்துல, பதில் வந்தா ஒரு ஃபங்ஷன், பிழை வந்தா இன்னொரு ஃபங்ஷன்னு கால்பேக்கைத் துண்டு துண்டா எழுதணும். ஆனா 2015ல வந்த பைத்தான் 3.5லயே ஏசிங்க், அவெய்ட் ரெண்டும் மொழிக்குள்ள வந்தாச்சு. சர்வரைக் கூப்பிடுற வரிக்கு முன்னாடி அவெய்ட் போட்டா, கோடு அதே வரிசையிலதான் படிக்க வரும். காத்திருக்கிற நேரத்துல த்ரெட் மட்டும் மத்த வேலையைப் பாக்கப் போயிடும். "அசிங்க்"னு வாசிச்சு சிரிக்கிறோமே, நிஜத்துல அசிங்கமா இருக்கிறது உறைஞ்சு போன பக்கம்தான்.

லாபமும் உண்டு. உறுப்பினர் பட்டியல், சேமிப்பு, கடன்னு மூணு விவரத்தை சர்வர்ல கேக்கணும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு செகண்ட் ஆகுதுன்னு வைங்க. சிங்க்ல மூணு செகண்ட். கேதர் போட்டு மூணையும் ஒண்ணா அனுப்பினா ஏறக்குறைய ஒரு செகண்ட்.

அதுக்காக ஏசிங்க் போட்டா எல்லாம் சரியாயிடும்னு நான் சொல்லல. இப்போ பக்கம் உயிரோட இருக்கிறதால, பட்டனை முடக்கலைன்னா அம்மா அப்பவும் நாலு தடவை அமுக்கலாம். முதல்ல கேட்டதுக்குப் பதில் கடைசியா வரலாம். தேடுற பெட்டியில "வி"க்கு வந்த பட்டியல், "விழு"வுக்கு வந்த பட்டியலை அழிச்சிடும். அவெய்ட் போட மறந்தா கோரிக்கை போகவே போகாது. சர்வர்ல பதிவாகி, பதில் மட்டும் வழியில தொலையுறதும் நடக்கும். அதனால ஒவ்வொரு வரவுக்கும் போன்லயே ஒரு தனி எண் கொடுத்து அனுப்பி, அதே எண் மறுபடி வந்தா சர்வர் ஒதுக்குற மாதிரி மாத்தினேன். சிங்க்தான் வேணும்னா அதுக்கும் வழி இருக்கு: பைத்தானை வெப் ஒர்க்கர்ல போட்டா, அங்க எவ்வளவு நேரம் நின்னாலும் திரை உறையாது.

என் கருத்து இதுதான். பிரவுசர் பைத்தானைப் பழகுறவங்க முதல் நாள்ல இருந்தே அவெய்ட்டோட பழகணும். நம்ம லேப்ல சர்வரும் பிரவுசரும் ஒரே மெஷின்ல இருக்கு. லோக்கல்ஹோஸ்ட்ல பதில் கண் இமைக்கிறதுக்குள்ள வந்துடும். அதனாலதான் இந்தத் தப்பு நமக்குத் தெரியறதே இல்ல. குரோம் டெவலப்பர் டூல்ஸ்ல நெட்வொர்க் பகுதிக்குப் போனா வேகத்தை 3ஜி அளவுக்குக் குறைக்கலாம். ப்ராஜெக்ட் டெமோவை அப்படி ஒரு தடவை ஓட்டிக் காட்டச் சொல்லி நம்ம துறையில கேக்கலாமே? நம்ம வகுப்புல பாதிப் பேரோட வீடு ஒரு கோடு சிக்னல்லதான் இருக்கு.

அந்த 600 ரூபாயை அம்மா நோட்டுல கையால அடிச்சுத் திருத்தினாங்க. இப்போ புது பக்கத்தை வெச்சிருக்காங்க. ஆனா நோட்டையும் விடல. "பொறுங்க"ன்னு திரையில வந்தா கையை எடுத்துடுறாங்க.