டிக்ரி வந்தது, பணம் வரவில்லை



2020 ஜூலை 17. கொரோனா காலம் என்பதால், டெல்லி உச்ச நீதிமன்றத்தில் ஓய்வுபெறும் நீதிபதிக்குக் கணினித் திரையிலேயே பிரிவுபசாரம். நீதியரசர் ஆர். பானுமதி அன்று தன் அம்மாவைப் பற்றிப் பேசினார். பானுமதிக்கு இரண்டு வயதிருக்கும்போது அப்பா பேருந்து விபத்தில் இறந்துபோனார். அம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். டிக்ரியும், அதாவது நஷ்டஈடு தரச் சொல்லும் தீர்ப்பாணையும், வந்தது. பணம்தான் கைக்கு வரவில்லை. நடைமுறை அவ்வளவு சிக்கல், துணைக்கும் ஆளில்லை. தானும் அம்மாவும் இரு சகோதரிகளும் நீதிமன்றத் தாமதத்தால் பாதிக்கப்பட்டவர்கள்தாம் என்றார். எத்தனையோ பிரிவுபசார உரைகளைப் படித்திருக்கிறேன். இது மட்டும் மறக்கவில்லை.

ஊத்தங்கரைக்காரர். 1981இல் வக்கீலாகப் பதிந்து திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுகளில் கறுப்பு அங்கி போட்டவர். 1988இல் நேரடித் தேர்வில் மாவட்ட நீதிபதி ஆனார். உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் உயர் நீதிமன்ற வக்கீல்களாக இருந்து வந்தவர்கள். இவர் விசாரணை நீதிமன்றத்தில் உட்கார்ந்து, கூண்டில் ஏறும் சாட்சியின் முகத்தையும், வாய்தாவுக்கு வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர் நடையையும் பல வருஷம் பார்த்தவர். மேல்முறையீட்டில் வருவது காகிதக் கட்டு மட்டும்தானே!

புதுக்கோட்டை செஷன்ஸ் நீதிபதியாக 1997இல் சாமியார் பிரேமானந்தா வழக்கில் தீர்ப்பு எழுதினார். ஆசிரமத்துப் பெண்கள் மீது பாலியல் வன்கொடுமை, ஒரு கொலை. டி.என்.ஏ. பரிசோதனை நம் ஊர்க் கோர்ட்டுகளுக்குப் புதிதாக இருந்த நேரம். அந்தச் சான்றும் இவர் முன் வந்தது. ஒன்று முடிந்தபின் இன்னொன்று என இரட்டை ஆயுள் தண்டனை, 67 லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம். 2005இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதிசெய்தது.

2003இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி. 2006இல் மதுரைக் கிளையிலிருந்து ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டபோது நம்மில் பலருக்குக் கோபம். எனக்கும்தான், மறைப்பானேன்.

ஜார்க்கண்ட் தலைமை நீதிபதியாக இருந்துவிட்டு 2014 ஆகஸ்டில் டெல்லி போனார். உச்ச நீதிமன்றத்தின் ஆறாவது பெண் நீதிபதி. 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமை வழக்கின் மேல்முறையீடு, அவரும் இருந்த மூவர் அமர்வுக்கு வந்தது. 2017 மே 5 அன்று குற்றவாளிகளின் தூக்கு உறுதியானது. பானுமதி அதற்கு இசைந்து தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். அதன்பிறகும் மனுமேல் மனு. 2020 பிப்ரவரி 14, காய்ச்சலோடு வந்து உத்தரவைச் சொல்லிக்கொண்டிருந்தவர் இருக்கையிலேயே மயங்கிவிட்டார். மார்ச் 20, விடியற்காலை இரண்டரை மணிக்குக் கடைசி மனு. விசாரித்த மூவரில் அவரும் ஒருவர். மனு தள்ளுபடியானது. ஐந்தரை மணிக்குத் திகாரில் தண்டனை நிறைவேறியது.

நான்கு மாதத்தில் ஓய்வு. அந்தக் கடைசி உரையில்தான் பழைய டிக்ரியை நினைத்துக்கொண்டார். ‘வழக்கில் ஜெயிப்பது பாதிதான், பணத்தை வசூலிப்பதில் மீதி இருக்கிறது’ என்று நம் ஊர் வக்கீல்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு கேஸ் கட்டு தூங்கினால், அதன் கதையை எழுதி அனுப்புங்கள். பெயரை மாற்றிக்கூட எழுதலாம்.

அன்புடன்,
ஆசிரியர்