தேதியே இல்லாத கொல்லிமலை பஸ் டிக்கெட்: வயசு கண்டுபிடிப்பது எப்படி?

தாத்தாவின் டைரிக்குள் கிடைத்த கொல்லிமலை பஸ் டிக்கெட்டில் தேதியைத் தேடாதீங்க. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த அச்சு டிக்கெட்டில் பெரும்பாலும் கட்டணம், வரிசை எண், ஸ்டேஜ் எண்கள், கழகத்தின் பெயர், அவ்வளவுதான். துப்பு அந்தப் பெயரில் இருக்கு.

'அண்ணா போக்குவரத்துக் கழகம்' என்றிருந்தால் 1973-க்குப் பிந்தையது. 1997-ல் தலைவர்கள் பெயர்களை நீக்கி, இதையும் 'தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம்' ஆக்கினார்கள். (பழைய கட்டு மிச்சமிருந்தால் கொஞ்ச நாள் தள்ளியும் கிழித்திருப்பார்கள்.) 'நயா பைசா' என்றிருந்தால் 1957 முதல் 1964 வரை; கழகத்துக்கே முந்தைய சீட்டு. நிறத்தை வைத்து வயசு சொல்லி விலை பேசுபவர்களை நம்ப வேண்டாம். நிறம் மாறியது கட்டணத்துக்கு ஏற்ப.

இன்றைய மெஷின் டிக்கெட்டில் தேதி, நேரம், ஊர் எல்லாமே உண்டு. ஆனால் அது வெப்பத்தாள். சில மாதங்களிலேயே எழுத்து மங்கிவிடும். தேதியில்லாத சீட்டு நாற்பது வருஷம் தாங்குது, தேதியுள்ளது வெள்ளைத்தாளாகுது! ஒவ்வொரு மாதிரியிலும் ஒன்றைக் கழகமே பாதுகாக்கலாமே? பெரிய செலவில்லை.

அதுவரை, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி செம்மேட்டில் இறங்கியதும் டிக்கெட்டை போட்டோ எடுத்துடுங்க. லேமினேஷன் மட்டும் வேண்டாம், அந்தச் சூட்டில் மொத்தமும் கறுத்துடும்.