ஊசியா, வெறும் அட்டையா?

படப்பையில் ஒருவர் உம்ராவுக்குப் புறப்பட்டால் சொந்தபந்தமெல்லாம் திரண்டு வந்து சலாம் சொல்லி வழியனுப்புகிறது. இஹ்ராம் துணி, துஆ புத்தகம் எல்லாம் தயார். "மெனிஞ்சைடிஸ் ஊசி போட்டாச்சா பாய்?" என்று கேட்டால், "கார்டு டிராவல்ஸ்காரரே கொடுத்துட்டார்" என்று பதில் வருகிறது! நாம் கேட்டது ஊசியை அல்லவா?

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் சவ்வில் கிருமி தாக்குவதே இந்நோய். இருமல், தும்மல், நெருங்கிய பழக்கம் வழியே பரவுகிறது. 1987 ஹஜ்ஜின்போது மெனிங்கோகாக்கஸ் கிருமியின் 'ஏ' வகை பரவிய பிறகே சவூதி அரசு தடுப்பூசியைக் கட்டாயமாக்கியது. 2000ஆம் ஆண்டு 'டபிள்யூ135' என்ற வேறு வகை ஹாஜிகளோடு பல நாடுகளுக்கும் சென்று, ஹஜ்ஜுக்கே போகாத குடும்பத்தாரையும் தாக்கியது. அதனால்தான் 2002 முதல் நான்கு வகைக்குமான ஊசி கேட்கப்படுகிறது. 2024இலும் உம்ரா சென்று திரும்பியவர்களிடம் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் நாடுகளில் இந்நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாதவர்கள்!

அட்டை அதிகாரியை ஏமாற்றும், கிருமியை ஏமாற்றுமா? ஊசி போட்டுக் குறைந்தது 10 நாட்கள் கழித்தே சவூதியில் கால் வைக்க வேண்டும். கடைசி நேர ஓட்டம் உதவாது.

கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், புத்தித் தடுமாற்றம் ஆகியவை அறிகுறிகள். கண்ணாடி தம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் தோலில் தெரிந்தால் பேராபத்து. கைக்குழந்தை பால் குடிக்காது, உச்சிக்குழி புடைத்திருக்கும். மருந்துக்கடை மாத்திரையோடு விடியும்வரை காத்திருக்காதீர்கள். தாம்பரமோ செங்கல்பட்டோ, உடனே பெரிய மருத்துவமனைக்கு ஓடுங்கள். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். பிழைத்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, வலிப்பு போன்ற பாதிப்பு தங்கிவிடுகிறது. நோயாளியோடு ஒரே வீட்டில் இருந்தவர்களும் டாக்டரைக் கேட்டுத் தடுப்பு மருந்து சாப்பிட வேண்டும்.

இது உம்ரா செல்வோர் பிரச்சினை மட்டுமல்ல. ஒரகடம் கம்பெனிகளுக்காக ஒரே அறையில் பலர் நெருக்கியடித்துத் தங்கும் இளைஞர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. குழந்தைகளுக்கோ, மூளைச்சவ்வைத் தாக்கும் வேறிரண்டு கிருமிகளுக்கான ஊசிகள் அரசு மருத்துவமனையில் இலவசம். ஹிப் கிருமிக்கான பென்டாவேலன்ட் 2011 முதலும், நிமோகாக்கஸ் ஊசி 2021 முதலும் தமிழகத்தில் போடப்படுகின்றன. தவறவிடாதீர்கள்!

ஜமாஅத் நிர்வாகிகளே! வழியனுப்பு விழாவுக்கு முன் ஒரு ஊசி முகாம் நடத்துங்கள். ஊசி போடாமல் அட்டை நீட்டும் டிராவல்ஸிடம் பணம் கட்டாதீர்கள். இபாதத்துக்குப் போகிறவர் பொய்ச் சான்றோடு போகலாமா? திரும்பி வரும்போது பேரப்பிள்ளைக்கு நோயைக் கொண்டுவரலாமா? சிந்திப்பீர்!