மாப்பிள்ளை வீட்டில் சொல்லலாமா?



போன மாதம் ஓர் அம்மா நம் இதழின் அலுவலகத்துக்குப் போன் செய்தார். ஊர், பேர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "பொண்ணுக்கு ரெண்டு வருஷமா மாத்திரை போயிட்டிருக்கு சார். காதுல யாரோ பேசறாங்கன்னு சொல்லிட்டிருந்தா, இப்ப அதெல்லாம் இல்ல. வரன் ஒண்ணு கூடி வருது. மாத்திரை விஷயத்தை மாப்பிள்ளை வீட்டுல சொல்லலாமா, வேணாமா?" சொந்தக்காரர்கள் எல்லாரும், "கல்யாணத்தைப் பண்ணி வை, தானா சரியாயிடும்" என்கிறார்களாம்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் இப்படிக் காதில் குரல் கேட்க வைக்கும் மனநோய்க்காகவே ஆயுளில் பெரும்பகுதியைச் செலவிட்ட மருத்துவர்களைச் சென்னை கண்டிருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குத் தலைமை வகித்த டாக்டர் சாரதா மேனன், 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்ற மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். அவருக்குத் துணை நின்று, பிறகு அதை வழிநடத்தியவர் டாக்டர் ஆர். தாரா.

1980-களின் தொடக்கத்தில், முதல் முறையாக இந்த நோய் கண்டு சிகிச்சைக்கு வந்த 90 பேரைத் தாராவும் சகாக்களும் கவனிக்கத் தொடங்கினார்கள். ஐந்து வருடம், பத்து வருடம், இருபது வருடம் என்று அதே மனிதர்களைத் தேடித் தேடிப் பார்த்தார்கள். வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும், கதவிலக்கத்துக்கே பழையது, புதியது என்று இரண்டு எண் இருக்கும் ஊரில் அது எவ்வளவு பெரிய பாடு! இருபதாம் ஆண்டில் 61 பேரின் நிலையை அவர்களால் பதிவு செய்ய முடிந்தது. பெரும்பாலோருக்கு நோய் வருவதும் தணிவதுமாக இருந்திருக்கிறது. விடாமல் நோயிலேயே கிடந்தவர்கள் மிகச் சிலர். சென்னை ஆய்வு என்று உலக மனநல மருத்துவர்கள் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

அந்த அம்மாவின் கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. இந்த நோயாளிகளில் பலருக்குக் கல்யாணம் நடந்தது. தனிக்கட்டையாக இருந்துவிட்டவர்களில் ஆண்களே அதிகம். கல்யாணமாகி, அது முறிந்தவர்களில் பெண்களே அதிகம். பொதுவாகப் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டும் நோய் இது. நம் வீடுகளில் பெண்ணுக்கு வரன் பார்க்கும் வயதும் அதுதான்.

இதைத் தாரா அப்படியே விட்டுவிடவில்லை. மணமுறிவுக்கு ஆளான 76 பெண்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் தனியே சந்தித்துப் பேசிய ஆய்வு 2003-ல் வெளிவந்தது. நோய் வந்தவள் என்ற பேரைவிட, வாழாவெட்டி என்ற பேர்தான் அவர்களை அதிகம் குத்தியிருக்கிறது. அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது பெரும்பாலும் வயதான பெற்றோர். எங்களுக்குப் பிறகு யார் என்பதே அவர்களின் கவலை. படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று மறைத்தால் முதலில் நிற்பது மாத்திரைதான். மாத்திரை நின்றால் நோய் திரும்பக்கூடும். புது இடம், புது மனிதர்கள், தூக்கம் கெடும் நாட்கள் வேறு. அப்போது "ஏமாத்திட்டீங்க" என்று ஒரு வார்த்தை வரும். முக்கியமான விஷயத்தை மறைத்துச் செய்த கல்யாணத்தை ரத்து செய்யக் கோர இந்து திருமணச் சட்டத்திலும் இடமுண்டு.

ஆகவே அம்மா, சொல்லிவிடுங்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, முடிந்தால் அவர் முன்னிலையிலேயே சொல்லுங்கள். இந்த வரன் கைநழுவினாலும் உங்கள் பெண்ணின் மாத்திரை நிற்காது. முதலில் அவளுக்கே கல்யாணத்தில் விருப்பமா என்று கேட்டீர்களா? நீங்கள் பேசிய அந்தப் பத்து நிமிடத்தில் நான் கேட்கத் துடித்தது அதுதான்.

யாரிடம் பேசுவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் இலவச 'டெலி மானஸ்' எண்ணுக்குப் பேசலாம். எந்த நேரமும், தமிழிலேயே.

நோயைச் சொல்லியே கல்யாணம் முடித்து, சேர்ந்து வாழும் தம்பதிகளும் நம் வாசகர்களில் இருப்பீர்கள். எழுதுங்கள். பெயரும் ஊரும் வெளியிட மாட்டோம். அடுத்த இதழில் உங்களுக்காக நான்கு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்